அல்சூர் ஏரிக்கு நான் ராஜா இல்லை

சைட் பதிவுக்குப் பதினெட்டு நாள் பாக்கி இருக்கும்போது எனக்கு லாட்டரி விழுந்தது.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். சைட் என்றால் எங்கள் பெங்களூரில் வீட்டுமனை. முப்பதடிக்கு நாற்பதடி. இந்த ஊரில் மனிதன் பிறக்கிறான், முப்பதுக்கு நாற்பது வாங்குகிறான், போய்ச் சேருகிறான். இடையில் நடப்பதெல்லாம் டிராஃபிக்.

நானும் என் மனைவியும் ஜோகுபாளையத்தில், ஆறு வீட்டுக்கு ஒரே குழாய் உள்ள வரிசையில், பதினாறு வருடமாக வாடகைக்கு இருந்தோம். அவள் ஆரம்பப் பள்ளி டீச்சர். வகுப்பில் அறுபது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள், குழாயடியில் ஐந்து பெண்களிடம் தினமும் தோற்றுக்கொண்டிருந்தாள். அதனால் அவளுக்குச் சைட் என்றால் வீடுகூட இல்லை, சொந்தக் குழாய். பொம்மனஹள்ளியைத் தாண்டி ஓர் இடம் பார்த்து, விலை பேசி முடித்து, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். காலி மனையில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது. ஒரு மூலையில் செங்கல் ஒன்றை நட்டு வைத்திருந்தாள்.

"இங்கதான் குழாய். எவ வந்து என் வாளியை நகர்த்தறான்னு பார்க்கறேன்."

மனைக்கான பணம் முழுக்க என் கம்பெனி ஊழியர் சொசைட்டியில் என் பெயரில் இருந்தது. கம்பெனி பொம்மனஹள்ளியில். பிரஷர் குக்கருக்கு ரப்பர் வளையம் செய்கிற இடம். நான் டெஸ்பாட்ச் சூப்பர்வைசர். பெட்டிக்குள் வளையம் இருக்கிறதா என்று பார்த்து, இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவது என் உத்தியோகம். மீதி நேரம் முழுக்க கலாட்டாதான்.

கலாட்டா என்றால் சாமானியக் கலாட்டா இல்லை. கேன்டீன் போர்டில் "இன்று பிரியாணி" என்று எழுதி வைத்து இருநூறு பேரை உப்புமா முன்னால் கண்ணீர் விட வைத்தவன் நான். என் வாழ்நாள் சாதனை ராய்ச்சூர் ஆர்டர். எங்கள் அக்கவுன்டன்ட், ரொம்ப அமைதியான மனிதர், ஜோகுபாளையத்தில் எனக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவர், தினமும் என் பஸ் கூட்டாளி. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் மேஜையில் ஒரு கடிதத்தை வைத்தேன். ராய்ச்சூரில் புது டிப்போ திறக்கிறோம், உடனடியாக உங்களை அங்கே மாற்றியிருக்கிறோம், விஷயம் ரகசியம், யாரிடமும் பேசக் கூடாது, திங்கள் காலைக்குள் சம்மதம் எழுதித் தரவும். கீழே மூன்று ரப்பர் ஸ்டாம்ப். மனிதர் திங்கட்கிழமை சம்மதக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு நடந்தபோது, வாசலில் மடக்கி, எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தேன். கம்பெனியே உருண்டு சிரித்தது. அவரும் சிரித்தார். அடுத்த மாதம் அவர் பொம்மனஹள்ளிக்கே வீடு மாறிவிட்டார். எனக்குப் பஸ்ஸில் பேச ஆள் இல்லாமல் போனது. அவ்வளவுதான் நான் அதைப் பற்றி நினைத்தது.

இந்த லட்சணத்தில் இருந்தவனுக்குத்தான் அந்த மெயில் வந்தது.

எனக்கு மெயில் ஐடி செய்து கொடுத்தவன் என் மச்சான், மனைவியின் தம்பி. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. "மாமா, இனிமே லெட்டர் எழுதறவங்களைக் கண்காட்சியில வைப்பாங்க" என்று பயமுறுத்தி ஐடி வாங்கித் தந்தான். சனிக்கிழமை சாயங்காலம் அல்சூர் மார்க்கெட் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போய், ஒட்டிக்கொள்ளும் கீபோர்டில் பாஸ்வேர்டை அடித்து, அவன் அனுப்பிய பூனைப் படங்களைப் பார்த்துவிட்டு வருவேன். அன்று பூனைக்கு மேலே ஒரு மெயில் இருந்தது. எல்லா எழுத்தும் பெரிய எழுத்து. ஏதோ ஐரோப்பிய நாட்டு லாட்டரியில் என் மெயில் முகவரிக்கு ஐந்து லட்சம் பவுண்டு விழுந்திருக்கிறதாம். நம்மூர் பணத்தில் கிட்டத்தட்ட நாலு கோடி.

எனக்கு ஒரே சந்தோஷம். நாலு கோடிக்கு இல்லை. இத்தனை வருடத்தில் எவனோ ஒருவன் கொஞ்சம் மெனக்கெட்டு என் கலாட்டாவை எனக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறானே என்று. பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். அதில் ஒரு படிவம் இருந்தது. சிரித்துக்கொண்டே நிரப்பினேன். பெயர்: மாட்சிமை பொருந்திய அல்சூர் ஏரி மகாராஜா. வயது: இருநூற்றுப் பன்னிரண்டு. தொழில்: வாத்துகளிடம் வரி வசூல். வாரிசு: கூழைக்கடா ஒன்று.

இரண்டு நாளில் பதில். 'மாட்சிமை பொருந்தியவரே, வாழ்த்துகள். தங்கள் விவரங்கள் ஏற்கப்பட்டன. வரி வசூல் தொடர்பான அடையாளச் சான்று ஒன்றை அனுப்பவும்.'

ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஆனால் எந்த மொழியில் படித்தாலும் அதில் ஒரு சிரிப்பின் நிழல்கூட இல்லை. கீழே ஒரு கிளெய்ம் அதிகாரியின் கையெழுத்து, சிங்கம் போட்ட முத்திரை. இது கலாட்டாதானா என்ற முதல் சந்தேகம் எனக்கு அப்போது வந்தது. ஏனென்றால் எனக்குக் கலாட்டாக்காரர்களைத் தெரியும். கூழைக்கடா வாரிசுக்குச் சிரிக்காதவன் கலாட்டாக்காரனாக இருக்கவே முடியாது. எங்கேயாவது ஒரு இடத்தில் இளித்துவிடுவான்.

விசாரணையில் இறங்கினேன். என் முறை எளிமையானது. சந்தேகப்படுகிறவன் முன்னால் திடீரென்று "வாத்து" என்று சொல்வது, முகம் துடிக்கிறதா என்று பார்ப்பது. எதிர் மேஜை பேக்கிங் கிளார்க்கிடம் சொன்னேன். "யாருக்கு சார் உடம்பு சரியில்ல? மூலத்துக்கு வாத்து முட்டையா?" என்றான். மேனேஜரின் ஸ்டெனோவிடம் சொன்னேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். மச்சானுக்குப் போன் போட்டேன்.

"வாத்து."

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல மச்சான். வாத்துன்னேன்."

"அக்காகிட்ட போனைக் குடுங்க மாமா."

ஒரு முகமும் துடிக்கவில்லை, ஒரு குரலும் பிசகவில்லை. அக்கவுன்டன்ட்டை நான் விசாரிக்கவே இல்லை. அவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் தூசி தட்டுகிற பொருள். ஆக, எனக்குத் தெரிந்த எவனும் இதைச் செய்யவில்லை. இங்கேதான் என் மூளை அதன் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய பாய்ச்சலைப் பாய்ந்தது. எனக்குத் தெரிந்தவன் எவனும் செய்யவில்லை என்றால், இது கலாட்டா இல்லை. கலாட்டா இல்லை என்றால், உண்மை. தெரியாதவன் ஒருவன் என்னை ஏமாற்றலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு கர்வம். என்னை ஏமாற்ற ஊரில் ஒரு வரிசை இருக்கிறது, அதில் நிற்காமல் எவனோ வந்து ஏமாற்றுவானா?

அப்புறம் தொடங்கியது பாருங்கள் உதறல். நாலு கோடி உண்மை என்றால், நாலு கோடி கொடுக்கிறவரிடம் நான் என்னை ஏரிக்கு ராஜா என்று சொல்லியிருக்கிறேன். கூழைக்கடா வேறு. என் வாயாலேயே என் லாட்டரியைக் கெடுத்துக்கொண்டேனே! இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. "என்னங்க, வயிறு சரியில்லையா?" என்றாள் மனைவி. வயிறு நன்றாக இருந்தது, அதற்கு மேலே உள்ளதுதான் சரியில்லை.

பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். என் வாழ்க்கையில் எழுதிய ஒரே நேர்மையான கடிதத்தை எழுதினேன். ஐயா, நான் ராஜா இல்லை. டெஸ்பாட்ச் சூப்பர்வைசர். ரப்பர் வளையம். வயது நாற்பத்தேழு. என் நகைச்சுவை உணர்வை மன்னிக்கவும், அது சின்ன வயதிலிருந்து உள்ள கோளாறு. ரேஷன் கார்டு நகலையும் போட்டோவையும் ஸ்கேன் பண்ணி இணைத்தேன்.

பதில் வந்தது. 'மாட்சிமை பொருந்தியவரே...'

விடமாட்டேன் என்கிறான்! தங்கள் கோப்பில் மகாராஜா என்று பதிவாகிவிட்டது, அதைச் சூப்பர்வைசர் என்று மாற்றத் தாங்கள் ராஜா இல்லை என்பதற்கு ஓர் உறுதிமொழிப் பத்திரம் வேண்டும், அத்துடன் பெயர் திருத்தம் மற்றும் விடுவிப்புக் கட்டணம் தொள்ளாயிரத்து ஐம்பது பவுண்டு, வெள்ளிக்கிழமைக்குள். பிறகு இரும்புப் பெட்டியில் பணம் தூதரக வண்டியில் தங்கள் வாசலுக்கே வரும். இரட்டைக் கோரிக்கைகளைத் தவிர்க்க இதை யாரிடமும் சொல்லக் கூடாது.

நம் ஊர்க்காரன் புத்தி எப்படி வேலை செய்கிறது பாருங்கள். பணம் கேட்கிறான் என்றதும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பத்திரம் கேட்கிறான் என்றதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. நாம் பிறந்ததையும் படித்ததையும் பெயர் மாறியதையும் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தே வளர்ந்தவர்கள். பத்திரம் கேட்கிற ஆபீஸ் பொய்யாக இருக்குமா?

கோர்ட் பக்கம் தூங்குமூஞ்சி மரத்தடியில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருப்பார்களே, அவர்களில் ஒருவரிடம் போனேன். பழுத்த ஆள், தமிழும் கன்னடமும் கலந்து பேசினார். விஷயத்தைக் காதோடு சொன்னேன். அவர் முகத்தில் ஒரு கோடும் அசையவில்லை.

"ராஜா இல்ல. சரி. ஏரிக்கு மட்டும் இல்லையா, வேற எதுக்குமே இல்லையா?"

"எதுக்குமே இல்லீங்க."

"அப்ப தெளிவா போட்டுடணும் ஸ்வாமி. பின்னாடி தகராறு வரக் கூடாது. கரை?"

"கரையா?"

"ஏரிக்கு ராஜா இல்லேன்னு குடுத்துட்டு, கரைக்கு ராஜான்னு நாளைக்கு வந்து நின்னா?"

"கரைக்கும் இல்ல."

"வாத்து?"

"வாத்தை விட்டுடுங்க."

"விட முடியாது. அவங்க பேப்பர்ல வாத்து வந்தாச்சே." டப டபவென்று அடித்தார். "நீங்க கூச்சப்படாதீங்க. நேத்து ஒருத்தர், தான் இன்னும் சாகலைன்னு எழுதி வாங்கிட்டுப் போனாரு. அவருக்கு ரெண்டு சாட்சி வேற."

இப்படியாக, மேற்படி ஏரிக்கோ அதன் கரைக்கோ மாநகராட்சி எல்லைக்குட்பட்ட வேறெந்த நீர்நிலைக்கோ நான் ராஜாவாக இருந்ததில்லை, இப்போதும் இல்லை, வாத்துகள் மீது எனக்கு யாதொரு பாத்தியமும் கிடையாது என்று சத்தியப் பிரமாணம் செய்து, நோட்டரி வக்கீலின் சிவப்பு முத்திரையோடு வீட்டுக்கு வந்தேன். முத்திரைத்தாள் எல்லாம் எங்கள் வீட்டில் ஒரே ரெக்ஸின் பையில் இருக்கும். இதையும் அதிலேயே வைத்தேன். இந்த ஒரு வரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இரும்புப் பெட்டி. தூதரக வண்டி எங்கள் சந்துக்குள் நுழையுமா? மனைவியின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சந்தை அளந்தேன். மூன்றாவது வீட்டுத் துளசி மாடம் இடித்தது. வீட்டுச் சொந்தக்காரர் மேலிருந்து எட்டிப் பார்த்து, "ஏனு சார், ரோடு அகல மாடுத்தாரா?" என்று பதறினார். ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்களா என்று அவர் கேட்டதற்கு, உண்மையைச் சொல்ல முடியாமல், "இன்னும் முடிவாகலை" என்றேன். அரை மணியில் கார்ப்பரேஷன் எங்கள் சந்தை இடிக்கப் போகிறது என்று ஆறு வீட்டிலும் செய்தி. குழாயடியில் பதினாறு வருடத்தில் முதல்முறையாக எல்லாப் பெண்களும் ஒற்றுமையாகக் கவுன்சிலரைத் திட்டினார்கள். என் மனைவி அமைதியாக இருந்தாள். "இடிக்கட்டும். நமக்குத்தான் சைட் இருக்கே" என்று சொல்லி, அன்றைக்கு ரசத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக நெய் விட்டுத் தாளித்தாள்.

அந்த ரசத்தை ஊற்றிக்கொண்டே கணக்குப் போட்டேன். தொள்ளாயிரத்து ஐம்பது பவுண்டு என்றால் எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல். அது இருக்கிற ஒரே இடம் சைட் பணம். ஒரு வாரத்துக்குள் நாலு கோடியாகத் திரும்பப் போகிற பணம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பவில்லை என்றால் பதிவு நாளில் மனை கைவிட்டுப் போகும் என்பதையும் ஒரு சின்னக் குரல் சொன்னது. அந்தக் குரலை நான் கேன்டீன் போர்டு எழுதுகிற காலத்திலேயே பென்ஷன் கொடுத்து அனுப்பியிருந்தேன்.

சொசைட்டியில் பணம் எடுக்கச் செயலாளர் கையெழுத்து வேண்டும். செயலாளர் வேறு யாருமில்லை, அக்கவுன்டன்ட். புதன்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரம், அறையில் அவர் மட்டும். படிவத்தை நீட்டினேன்.

"சைட் பணம் விக்கிறவர் பேருக்குச் செக்காத்தானே சார் போகணும்?" என்றார். "இதுல எழுபத்திரெண்டாயிரம் தனியா எதுக்கு?"

"அவசரம் சார்."

"என்ன அவசரம்?"

"சொல்லக் கூடாது."

"எப்ப வேணும்?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள."

பேனாவை மூடி வைத்தார். என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபமில்லை. பழைய ஊர்க்காரரை ரயிலில் பார்த்தது போல ஒரு பார்வை.

"லெட்டர் இருக்கா?"

"எந்த லெட்டர்?"

"சொல்லக் கூடாதுன்னு சொன்ன லெட்டர்."

டிபன் பையிலிருந்து பிரின்ட் அவுட்டை எடுத்துக் கொடுத்தேன். என்னால் ஒன்பது நாள் ரகசியம் காக்க முடிந்ததே உலக அதிசயம். அவர் ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தார். மாட்சிமை வந்த இடத்தில் ஸ்கேல் கொஞ்சம் நின்றது. பிறகு கீழ் டிராயரைச் சாவி போட்டுத் திறந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தார். ராய்ச்சூர் ஆர்டர். என் கைவண்ணம்.

"இதுல 'உடனடியாக'ன்னு இருக்கு. அதுலயும் இருக்கு," என்றார். "இதுல திங்கக்கிழமைக்குள்ள, அதுல வெள்ளிக்கிழமைக்குள்ள. நான் கேக்காத டிரான்ஸ்ஃபர் எனக்கு வந்துச்சு. நீங்க டிக்கெட் வாங்கினீங்களா?"

"இல்ல சார். கம்ப்யூட்டரே மெயில் ஐடியிலேர்ந்து பொறுக்கி எடுத்ததாம்."

"ஸ்டாம்ப் நீங்க மூணு குத்தியிருந்தீங்க." அந்தத் தாளில் ஸ்கேலால் எண்ணினார். "இவன் அஞ்சு. பெரிய கம்பெனி போல."

நான் அப்போதும் விடவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மேஜையில் நின்று திருடனுக்காக வாதாடினேன். "அது அவங்க ரூல்ஸ் சார். வெளிநாட்டுல எல்லாத்துக்கும் ஃபீஸ் உண்டு."

"நாலு கோடி குடுக்கறவன்தானே? அதுலயே ஃபீஸைக் கழிச்சுக்கிட்டு மீதியைக் குடுக்கச் சொல்லுங்க."

இவ்வளவுதான் விஷயம். ஒன்பது நாள் நான் யோசித்ததில் இந்த ஒரு வாக்கியம் எனக்கு வரவில்லை. நின்றபடியே எனக்குக் கால் வேர்த்தது. கால் வேர்க்கும் என்பதே அன்றுதான் தெரியும்.

"இந்த லெட்டரை ஏன் சார் இன்னும் வச்சிருக்கீங்க?" என்றேன், பேச்சை மாற்றுகிற மாதிரி.

அவர் தாளைத் திரும்ப உறைக்குள் போட்டார். "அன்னிக்கு யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தா பொய்னு தெரிஞ்சிருக்கும். கேக்கக் கூடாதுன்னு போட்டிருந்தீங்க. நல்லா யோசிச்சுத்தான் போட்டிருக்கீங்க. சனிக்கிழமை வீட்டுக்காரர்கிட்ட மட்டும் போய், காலி பண்றேன்னு சொன்னேன். ஒரு மாசம் முன்னாடி சொல்லணுமே. ஞாயித்துக்கிழமை சாயங்காலமே வேற பார்ட்டிகிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டாரு. திங்கக்கிழமை நீங்க உடைச்சீங்க."

"நீங்க சொல்லவே இல்லையே சார்."

"எல்லாரும் சிரிச்சிட்டிருந்தாங்க. நடுவுல எங்க சொல்றது?" டிராயரைப் பூட்டினார். "ஜோகுபாளையத்துல இருந்தப்ப எங்க வீட்டம்மா கோயிலுக்குப் பூசைக்கு நடந்தே போவாங்க. இப்ப ரெண்டு பஸ்."

எப்போதும் கைவசம் இருக்கும் நூறு ஜோக்கில் ஒன்றும் வரவில்லை. "மன்னிச்சிடுங்க சார்" என்று வந்தது. அது என் குரல் மாதிரியே இல்லை. அவர் என் படிவத்தை எடுத்து, 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதி, சொசைட்டி முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

"இது ஒரிஜினல் ஸ்டாம்ப்," என்றார்.

அன்று சாயங்காலம் கிளெய்ம் அதிகாரிக்கு ஒரு வரி எழுதினேன். கட்டணத்தைப் பரிசிலேயே கழித்துக்கொள்ளவும். மறுநாள் பதில். விதிகள் இடம் தரவில்லை, மாட்சிமை பொருந்தியவரே. அப்புறம் வெள்ளிக்கிழமைக்குள் பதினோரு மெயில். கெஞ்சல், அவசரம், மிரட்டல், கடைசியில் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. நாலு கோடி கொடுக்க ஒரு மனிதன் இவ்வளவு பேரம் பேசி நான் பார்த்ததில்லை. மச்சானிடம் சொன்னேன். போனில் சிரிப்பை அடக்குகிறான்.

"மாமா, இதுதானா அந்த வாத்து?"

"இதுதான் மச்சான்."

"இனிமே ஒரு வரி பதில் போடாதீங்க. பதில் போட்டா ஆள் இருக்குன்னு விடாம எழுதுவான். ரேஷன் கார்டு வேற குடுத்தாச்சா? பேங்க்ல போய் ஒரு வார்த்தை சொல்லி வைங்க. அந்த ஐடியைத் தூக்கிப் போட்டுட்டு வேற பண்ணித் தரேன்."

"அக்காகிட்ட சொல்லிடாதே."

அக்கவுன்டன்ட்டிடமும் அதையே கேட்டேன். "மறுபடியும் ரகசியமா?" என்றார். பிறகு அவராகவே, "பதிவுக்குச் சாட்சி ரெண்டு பேர் வேணுமே, ஆள் கிடைச்சாச்சா?" என்றார். ஒருவர் மச்சான். இன்னொருவர் கிடைக்கவில்லை என்றேன். அது பொய். கேட்டுவைத்திருந்த பேக்கிங் கிளார்க்கை மறுநாள் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பதிவு நாள். சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் கல்யாண வீட்டுக் கூட்டம். என் மனைவி பட்டுப்புடவையில் வந்திருந்தாள். எங்கள் முறை வந்தது. கவுன்டர் கிளார்க் அக்ரிமென்ட்டைக் கேட்டார். நான் ரெக்ஸின் பைக்குள் கை விட்டு, முத்திரைத்தாளை எடுத்து, பெருமையாக நீட்டினேன்.

அவர் படித்தார். புருவம் சுருங்கியது. மறுபடி படித்தார். எழுந்து நின்றுவிட்டார்.

"இது என்ன? ஏரி, கரை, நீர்நிலை எல்லாம் போட்டிருக்கு? கெரே ஜாகாவா? ஏரி நிலமெல்லாம் இங்க ரிஜிஸ்டர் ஆகாது சார்!"

வெளியூர்க்காரர்களுக்கு இதன் பயங்கரம் புரியாது. பெங்களூரில் பாதி ஏரியின் மேல்தான் வீடு கட்டியிருக்கிறார்கள். மனை விற்கிற இடத்தில் ஏரி என்ற சொல்லைச் சொன்னால், கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது என்று சொன்ன மாதிரி. மனை விற்கிறவர் முகம் வெளுத்தது. பின்னால் வரிசையில், "ஏரி சைட்டாம், ஏரி சைட்டாம்" என்று ஒரு முணுமுணுப்பு. என் மனைவி என் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, ஏரியா? நம்ம சைட்டா?"

வேறு வழியில்லை. "சைட்ல ஏரி இல்லை. நான்தான் ஏரியில..." என்று ஆரம்பித்து, கிளார்க், விற்கிறவர், பட்டுப்புடவை, பின்னால் முப்பது பேர், எல்லோர் முன்னாலும் முதலிலிருந்து சொன்னேன். லாட்டரி. வாத்து. கூழைக்கடா வந்ததும் கிளார்க் உட்கார்ந்துவிட்டார். பக்கத்துக் கவுன்டரில் வேலை நின்றது. நான் எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன், அந்த ஆபீஸ் மாதிரி எங்கேயும் யாரும் சிரித்ததில்லை. அக்கவுன்டன்ட் மட்டும் சிரிக்கவில்லை. பைக்குள்ளிருந்து சரியான அக்ரிமென்ட்டைத் தேடி எடுத்துக் கவுன்டரில் வைத்தார்.

மனைவி அந்தப் பத்திரத்தை வாங்கி, பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி, கடைசி முத்திரை வரைக்கும் படித்தாள்.

கிளார்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க சொல்லுங்க மேடம். உங்க வீட்டுக்காரர் ராஜாவா, இல்லையா?" என்றார்.

"பதினாறு வருஷமா குழாயடியில நின்னு வாளி தூக்கறேன் சார்," என்றாள். "ராஜா பொண்டாட்டி தூக்குவாளா?"

பதிவு முடிந்தது. அக்கவுன்டன்ட்டின் கையெழுத்து எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி, சின்னதாக, நேராக. வெளியே வந்ததும் மச்சான் ஆபீஸுக்கு ஓடிவிட்டான். நாங்கள் மூவரும் நேராக மனைக்குப் போனோம். அங்கே போய் நின்று, ராய்ச்சூர் உட்பட மிச்சத்தையும் சொன்னேன். அக்கவுன்டன்ட் கொஞ்சம் தள்ளிப் போய், தூரத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுபத்திரெண்டாயிரம்," என்றாள் அவள். "மொத்தத்துல அது எவ்வளவு இடம் வரும்?"

கணக்கில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. என்னைக் கேட்டது மரியாதைக்கு. பட்டுப்புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேலிக் கல்லிலிருந்து அடிமேல் அடி வைத்து நடந்தாள். ஏழாவது அடியில் நின்று, செருப்பு நுனியால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மண்ணில் ஒரு கோடு கிழித்தாள்.

"இதுவரைக்கும் போயிருக்கும்."

குழாய்க்காக நட்ட செங்கல் கோட்டுக்கும் வேலிக் கல்லுக்கும் நடுவில் இருந்தது.